பழைய கணினியில் சி டிரைவைப் பெரிதாக்குவது எப்படி? பார்ட்டிஷன் அளவு மாற்றும்போது வரும் சிக்கல்களும் தீர்வுகளும்: முழுமையான வழிகாட்டி

விண்டோஸ் 7 ஓடும் பழைய டெஸ்க்டாப். 500 ஜிபி ஹார்டு டிஸ்க். விண்டோஸ் கணக்கில் 465. அசெம்பிள் செய்தவர் சி-க்கு 40, டி-க்கு 200, இ-க்கு 225 என்று பிரித்துவிட்டார். இப்படிப் பிரித்த ஒவ்வொரு பகுதியும் ஒரு பார்ட்டிஷன். இன்று சி டிரைவின் பட்டை சிவப்பாகிவிட்டது. டி-யில் பாதிக்கு மேல் காலி. பழைய பில்லிங் சாஃப்ட்வேரோ, புது விண்டோஸுக்கு டிரைவரே இல்லாத பிரிண்டரோ இருப்பதால் ஃபார்மேட் அடித்து முதலிலிருந்து தொடங்கவும் வழியில்லை.

டி-யிலிருந்து கொஞ்சம் எடுத்து சி-க்குக் கொடுத்தால் போதும். அதில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: டிஸ்க்கில் எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் கை வைப்பது. இந்த ஒரு கணினியையே எடுத்துக்காட்டாக வைத்து வரிசையாகப் போகலாம். உங்கள் எண்கள் வேறாக இருக்கலாம், வரிசை மாறாது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வெளி ஹார்டு டிஸ்க் ஒன்று. டி, இ இரண்டிலும் உள்ள முக்கியமான எல்லாம் அதில் அடங்க வேண்டும். அதைக் கணினியின் பின்பக்க யுஎஸ்பி போர்ட்டில் செருகுங்கள். முன்பக்கப் போர்ட்டுகள் பழைய கேபினெட்டுகளில் ஆடிப்போயிருக்கும், காப்பி பாதியில் அறுந்துவிடும். மிகப் பழைய கணினியில் யுஎஸ்பி 1.1 மட்டும் இருந்தால் நொடிக்கு ஒரு எம்பி வந்தாலே பெரிது. 60 ஜிபி எடுக்க பதினாறு, பதினேழு மணி நேரம் ஆகும். அப்படிப்பட்ட கணினியில் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி பேக்கப் எடுப்பதே நல்லது.

விண்டோஸ் 7 இன்ஸ்டால் டிவிடி, அல்லது ரிப்பேர் டிஸ்க். டிவிடி இல்லையென்றால் கண்ட்ரோல் பேனலில் பேக்கப் அண்ட் ரிஸ்டோர் பகுதிக்குப் போய் 'கிரியேட் எ சிஸ்டம் ரிப்பேர் டிஸ்க்' கொடுத்து இப்போதே எழுதி வையுங்கள். பூட் ஆகாமல் போன பிறகு அதே கணினியில் இதைச் செய்ய முடியாது. 64 பிட் விண்டோஸுக்கு 64 பிட் ரிப்பேர் டிஸ்க்தான் வேலை செய்யும்.

ஜிபார்ட்டட் லைவ் எழுதிய பென் டிரைவ் அல்லது சிடி. விண்டோஸைத் திறக்காமலே பூட் ஆகி பார்ட்டிஷன் அளவை மாற்றும் இலவசக் கருவி இது. பழைய 32 பிட் பிராசசர் என்றால் அதற்கான 32 பிட் பதிப்பைத் தேடி எடுங்கள்; 64 பிட் பதிப்பு அதில் கிளம்பவே கிளம்பாது. பென் டிரைவை ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் கொண்டு எழுதும்போது பார்ட்டிஷன் ஸ்கீம் என்ற இடத்தில் எம்பிஆர் (பழைய வகைப் பார்ட்டிஷன் அட்டவணை) தேர்வு செய்யுங்கள். பழைய பயாஸுக்கு (கணினியை முதலில் தொடக்கிவைக்கும், போர்டின் சொந்த மென்பொருள்) அதுதான் புரியும். பென் டிரைவிலிருந்து பூட் ஆகவே தெரியாத போர்டுகளும் உண்டு, அதற்கு சிடிதான் வழி.

யுபிஎஸ். அதன் பேட்டரியும் பழையதாக இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். வேலை தொடங்கும் முன் மெயினை ஒருமுறை அணைத்துப் பாருங்கள், சுமை தாங்குகிறதா என்று. லேப்டாப் என்றால் சார்ஜர் செருகியும், பேட்டரி உள்ளேயும் இருக்க வேண்டும்.

அப்புறம், பயாஸுக்குள் போய் சாட்டா மோட் (போர்டு டிஸ்க்கோடு பேசும் முறை) 'ஐடிஇ' என்று இருக்கிறதா, 'ஏஹெச்சிஐ' என்று இருக்கிறதா என்று பார்த்து அந்தத் திரையை மொபைலில் படம் எடுத்து வையுங்கள். இது எதற்கு என்பது 9-வது படியில் புரியும்.

2. டிஸ்க்கின் உடல்நிலை

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். பார்ட்டிஷனை நகர்த்துவது என்பது டிஸ்க்கின் ஒரு பெரிய பகுதியை முழுவதும் படித்து, வேறு இடத்தில் முழுவதும் எழுதுவது. வருடக்கணக்கில் தொடாத இடங்களையும் ஹெட் போய்த் தொடும். தள்ளாடிக்கொண்டிருக்கும் டிஸ்க் அந்தச் சுமையில்தான் விழும்.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறங்கள். மேலே நீல நிறத்தில் 'குட்' என்று இருந்தால் சரி. மஞ்சளில் 'காஷன்' என்றால் கீழே பட்டியலில் மூன்று வரிகளைத் தேடுங்கள்.

05 என்ற வரி ரீஅலோகேட்டட் செக்டார்ஸ். கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டார்களின் எண்ணிக்கை. ஒன்றிரண்டு இருந்து பல மாதமாக ஏறாமல் இருந்தால் பேக்கப்போடு தொடரலாம்.

சி5 என்பது கரண்ட் பெண்டிங் செக்டார். படிக்க முடியாமல் தொங்கிக்கொண்டிருக்கும் செக்டார்கள். இதன் ரா வேல்யூ சுழியம் இல்லையென்றால் அளவு மாற்றும் வேலையை இங்கேயே நிறுத்துங்கள். டேட்டாவை எடுத்துவிட்டு டிஸ்க்கை மாற்றுங்கள். நகர்த்தும்போது இந்தச் செக்டாரில் போய் முட்டினால் வேலை பாதியில் நிற்கும். பாதியில் நின்ற பார்ட்டிஷன் நகர்வைப் போல மோசமான நிலை வேறில்லை.

சி7 என்பது சிஆர்சி எரர். இது டிஸ்க்கின் குறையாக இல்லாமல் பெரும்பாலும் கேபிளின் குறையாக இருக்கும். நாளுக்கு நாள் ஏறினால் சாட்டா கேபிளை மாற்றுங்கள். பழைய எண்ணிக்கை அழியாது, ஆனால் மேலே ஏறுவது நின்றுவிடும். நின்றால் காரணம் கேபிள்தான்.

3. படத்தைப் படியுங்கள்

கம்ப்யூட்டர் ஐகானில் ரைட் கிளிக், மேனேஜ், டிஸ்க் மேனேஜ்மென்ட். கீழ்ப்பாதியில் டிஸ்க் 0 என்று ஒரு நீளப் பட்டை தெரியும். இடமிருந்து வலமாக டிஸ்க்கில் எப்படி இருக்கிறதோ அந்த வரிசையிலேயே அது காட்டும். இதையும் படம் எடுத்து வையுங்கள்.

நம் கணினியில் இடது ஓரத்தில் 100 எம்பி 'சிஸ்டம் ரிசர்வ்டு'. அடுத்து சி, மேலே அடர்நீலப் பட்டையோடு, இவை ப்ரைமரி. அதற்கு வலப்பக்கம் டி, இ. இவை இரண்டையும் சுற்றி ஒரு பச்சைக் கட்டம் ஓடுவதைக் கவனியுங்கள். அந்தப் பச்சைக் கட்டம்தான் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன். டி, இ இரண்டும் அதற்குள் இருக்கும் லாஜிக்கல் டிரைவுகள்.

எம்பிஆர் டிஸ்க்கில் ப்ரைமரி நான்குக்கு மேல் வைக்க முடியாது என்பதால் வந்த ஏற்பாடு இது. இந்தப் பச்சைக் கோடுதான் இந்த வேலையில் முக்கால்வாசிப் பேரை நிறுத்துகிறது.

காலி இடத்துக்கும் இரண்டு நிறம் உண்டு. கறுப்புப் பட்டை என்றால் 'அன்அலோகேட்டட்', யாருக்கும் சொந்தமில்லாதது. வெளிர்பச்சை என்றால் 'ஃப்ரீ ஸ்பேஸ்', எக்ஸ்டெண்டட் கட்டத்துக்குள் இருப்பது. சி டிரைவுக்குக் கறுப்பு மட்டுமே பயன்படும். அதுவும் சி-க்கு வலப்பக்கம் ஒட்டியே இருக்க வேண்டும். பக்கத்து மனை காலியாக இருந்தால்தான் வீட்டை நீட்ட முடியும். தெருக்கோடியில் மனை காலியாக இருந்து பயனில்லை.

இடது ஓரத்தில் இருக்கும் அந்த 100 எம்பி-யை 'சும்மா கிடக்கிறது' என்று அழித்துவிடாதீர்கள். விண்டோஸைத் தொடங்கிவைக்கும் பூட் மேனேஜர் அதற்குள்தான் இருக்கிறது. அழித்தால் அடுத்த முறை கறுப்புத் திரையில் 'பூட்எம்ஜிஆர் இஸ் மிஸ்ஸிங்' என்று வரும்.

இன்னொரு பொறி. அந்தக் காலத்து லேப்டாப் பலவற்றில் சிஸ்டம், சி, ரெக்கவரி, டூல்ஸ் என்று நான்கு ப்ரைமரியும் கம்பெனியிலிருந்தே நிரம்பி வரும். அதில் ஐந்தாவதாக ஒன்றை உருவாக்கப் போனால் 'டைனமிக் டிஸ்க்காக மாற்றப்படும், சரியா?' என்ற அர்த்தத்தில் ஒரு பெட்டி வரும். எஸ் அடிக்காதீர்கள். டைனமிக்காக மாறிய டிஸ்க்கை விண்டோஸின் சொந்தக் கருவியில் மறுபடி பேசிக் ஆக்க, அதிலுள்ள எல்லா வால்யூமையும் அழித்தாக வேண்டும். ஜிபார்ட்டட்டாலும் அந்த டிஸ்க்கில் அளவு மாற்ற முடியாது.

4. பேக்கப், அதன்பின் செக் டிஸ்க்

பேக்கப்பை முதலில் எடுக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. செக் டிஸ்க் (டிரைவில் தவறு தேடும் விண்டோஸ் கருவி) தவறுகளைச் சரிசெய்யும்போது சிதைந்த கோப்புகளை வெட்டிப்போடக்கூடும். வெட்டுவதற்கு முன் ஒரு நகல் கையில் இருக்கட்டும். எடுத்த பேக்கப்பிலிருந்து சில கோப்புகளை வேறொரு கணினியில் திறந்தும் பாருங்கள்.

பிறகு சி, டி, இ ஒவ்வொன்றிலும் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டூல்ஸ், எரர் செக்கிங். முதல் டிக் மட்டும் போதும். சி-க்கு ரீஸ்டார்ட் கேட்கும், விடுங்கள். விண்டோஸ் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறையான என்டிஎஃப்எஸ்-இல் சின்னத் தவறு இருந்தாலும், டிரைவைச் சுருக்கும் 'ஷ்ரிங்க்' கட்டளை மறுக்கும், ஜிபார்ட்டட்டும் மறுக்கும். அங்கே போய் மஞ்சள் முக்கோணத்தைப் பார்த்து முழிப்பதை விட இங்கேயே முடித்துவிடலாம்.

டி டிரைவ் ஃபேட்32 என்ற பழைய முறையில் இருந்தால் விண்டோஸால் அதைச் சுருக்கவோ நீட்டவோ முடியாது. ஷ்ரிங்க் என்ற வரியே உங்களுக்கு உதவாது. காலி செய்து என்டிஎஃப்எஸ்-ஆக ஃபார்மேட் செய்வது எளிது.

5. எந்த வழியில் போவது?

சி-க்கு 60 ஜிபி கூடுதலாக வேண்டும். டி-யைச் சுருக்கினால் காலி இடம் டி-யின் வலப்பக்கம், அதாவது டி-க்கும் இ-க்கும் நடுவில் விழும். விண்டோஸ் எப்போதும் வலது முனையிலிருந்துதான் வெட்டும். ஆகவே சி-யில் ரைட் கிளிக் செய்தால் 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' மங்கலாகவே இருக்கும். 'இடம் இருக்கிறது, ஆனாலும் எடுக்க மாட்டேன் என்கிறது' என்று புலம்பல் வருவது இந்த இடத்தில்தான். இடம் தப்பான பக்கத்தில் இருக்கிறது, அதுவும் பச்சைக் கட்டத்துக்குள் இருக்கிறது. இரண்டு தடை.

மூன்று வழி இருக்கிறது.

முதல் வழி, டி, இ இரண்டையும் வெளி டிஸ்க்குக்கு எடுத்துவிட்டு இரண்டையும் அழிப்பது. முழுவதும் வெளிர்பச்சையாகும். அந்த வெளிர்பச்சையிலேயே மறுபடி ரைட் கிளிக் செய்து 'டிலீட் பார்ட்டிஷன்' கொடுத்தால்தான் கறுப்பாகும்; இந்த இரண்டாவது டிலீட்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கறுப்பானதும் எக்ஸ்டெண்ட் வால்யூம் உயிர்பெறும், சில நொடிகளில் வேலை முடியும். ஜிபார்ட்டட் தேவையே இல்லை.

இரண்டாவது வழி, டி-யை மட்டும் காலி செய்து அழித்துவிட்டு, பச்சைக் கட்டத்தின் இடது ஓரத்தை மட்டும் ஜிபார்ட்டட்டில் வலப்பக்கம் தள்ளுவது. எந்த டேட்டாவும் நகரவில்லை, எல்லைக்கோடு மட்டும் மாறுகிறது. பேக்கப் வெளி டிஸ்க்கில் இருக்க, டி-யின் கோப்புகளை இ-யின் காலி இடத்துக்கும் காப்பி செய்துகொள்ளலாம். என்னைக் கேட்டால் பழைய டிஸ்க்குக்கு இதுதான் மிகச் சரியான வழி.

மூன்றாவது வழி, டி-யைச் சுருக்கி, உள்ளே டேட்டாவோடு வலப்பக்கம் நகர்த்துவது. நேரமும் ஆபத்தும் அதிகம். டி-யில் நிறுவிய சாஃப்ட்வேரைத் தொட முடியாது என்ற நிலையில் மட்டும் இதற்குப் போங்கள்.

முதல் இரண்டு வழிகளில் 'டிலீட் வால்யூம்' மங்கலாகத் தெரிந்தால் டி-யில் பேஜ் ஃபைல் (ரேம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் கோப்பு) இருக்கிறதா என்று பாருங்கள். வர்ச்சுவல் மெமரி அமைப்பில் போய் அதை சி-க்கு மாற்றி, ரீஸ்டார்ட் செய்தால் வழிவிடும். மை டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரை யாராவது டி-க்கு மாற்றி வைத்திருக்கிறார்களா என்பதையும் பார்த்துவிடுங்கள். புதிய டி-யை உருவாக்கும்போது அதே டி என்ற எழுத்தையே கொடுங்கள். ஷார்ட்கட்டுகளும் சாஃப்ட்வேர்களும் அந்த எழுத்தை நம்பித்தான் இருக்கின்றன.

6. ஷ்ரிங்க் கொஞ்சம்தான் தருகிறதா?

மூன்றாவது வழியில் போகிறவர்களுக்கு வரும் முதல் தடை. டி-யில் 140 ஜிபி காலி, ஆனால் ஷ்ரிங்க் பெட்டியில் 9 ஜிபி-தான் சுருக்கலாம் என்று காட்டும். எங்கோ வலது ஓரத்தில் நகர்த்த முடியாத கோப்பு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. விண்டோஸ் அதைத் தாண்டி வெட்டாது.

எந்தக் கோப்பு என்று ஊகிக்க வேண்டாம். ஷ்ரிங்க் முயற்சி செய்தவுடன் ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அப்ளிகேஷன் பகுதியில் 259 என்ற எண்ணுள்ள பதிவைத் திறங்கள். கடைசியாகத் தடுத்த கோப்பின் பெயர் அதில் எழுதியிருக்கும்.

சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் என்று வந்தால் சிஸ்டம் ரிஸ்டோரின் வேலை. அந்த டிரைவுக்கு சிஸ்டம் ப்ரொடெக்ஷனை ஆஃப் செய்து, ரிஸ்டோர் பாயின்ட்டுகளை அழியுங்கள். பேஜ்ஃபைல் என்று வந்தால் மேலே சொன்னபடி எடுத்துவிடுங்கள். சி-யைச் சுருக்குகிறவர்களுக்கு ஹைபர்னேட் கோப்பும் வரும். கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து பவர்சிஎஃப்ஜி கட்டளையால் ஹைபர்னேட்டை அணைக்க வேண்டும். வேலை முடிந்ததும் இவற்றைத் திரும்ப ஆன் செய்துகொள்ளலாம்.

எம்எஃப்டி என்ற பெயர் வந்தால் அது என்டிஎஃப்எஸ்-இன் சொந்த அட்டவணை. இதற்கு விண்டோஸோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஜிபார்ட்டட் அதையும் நகர்த்திச் சுருக்கும்.

7. ஜிபார்ட்டட்டில் வேலையின் வரிசை

பென் டிரைவில் பூட் செய்து, கீபோர்டு, மொழி கேட்கும் கேள்விகளுக்கு எண்டர் தட்டிக்கொண்டே போனால் ஜிபார்ட்டட் திறக்கும். திரை கறுப்பாகவே நின்றுவிட்டால் பழைய கிராஃபிக்ஸ்தான் காரணம். ரீஸ்டார்ட் செய்து முதல் மெனுவில் 'அதர் மோட்ஸ்' உள்ளே போய் சேஃப் கிராஃபிக் தேர்வு செய்யுங்கள்.

வலது மேல் மூலையில் எந்த டிஸ்க் என்று பாருங்கள். வெளி டிஸ்க் செருகியிருந்தால் அதுவும் பட்டியலில் வரும். அளவைப் பார்த்து உறுதி செய்யுங்கள், அல்லது வெளி டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். கழற்றுவதுதான் என் வழக்கம். அதில் இருப்பது உங்கள் ஒரே பேக்கப்.

இரண்டாவது வழிக்கு: டி-யை விண்டோஸிலேயே அழித்தாயிற்று. எக்ஸ்டெண்டட் வரியில் ரைட் கிளிக், 'ரீசைஸ் மூவ்'. இடது அம்பை வலப்பக்கம் இழுங்கள். 'ஃப்ரீ ஸ்பேஸ் ப்ரிசீடிங்' என்ற பெட்டியில் எண்ணாகவும் தரலாம். அது எம்ஐபி கணக்கு, 60 ஜிபி-க்கு 61440. பச்சை டிக்கை அழுத்தி அப்ளை. நொடிகளில் முடியும். சி-யை இங்கே தொட வேண்டாம். விண்டோஸுக்குத் திரும்பிப் போனால் சி-யை ஒட்டிக் கறுப்புப் பட்டை இருக்கும், எக்ஸ்டெண்ட் வால்யூம் வேலை செய்யும். என்டிஎஃப்எஸ்-ஐ வலப்பக்கம் நீட்டுவது விண்டோஸ் நன்றாகச் செய்யும் வேலை, அதை அதனிடமே விடுங்கள். மீதமுள்ள வெளிர்பச்சையில் புது டி-யை உருவாக்குங்கள்.

மூன்றாவது வழிக்கு வரிசை இது: முதலில் டி நகர வேண்டும், அடுத்து எக்ஸ்டெண்டட் சுருங்க வேண்டும், கடைசியாக சி வளர வேண்டும். டி நகராமல் எக்ஸ்டெண்டட் அசையாது, அது அசையாமல் சி-க்கு இடமில்லை.

இங்கே ஒரு நுணுக்கம். ஜிபார்ட்டட் பார்ட்டிஷனை நகர்த்தும்போது அதிலுள்ள கோப்புகளை மட்டும் எடுத்துப் போவதில்லை. காலி இடத்தையும் சேர்த்து முழு நீளத்தையும் காப்பி செய்யும். 200 ஜிபி டி-யை 140-க்கு மட்டும் சுருக்கி நகர்த்தினால், நொடிக்கு 30 எம்பி கணக்கில் ஏறத்தாழ ஒரு மணி இருபது நிமிடம். அதனால் டி-யை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்துவிட்டு நகர்த்துங்கள். 80 ஜிபி என்றால் முக்கால் மணி நேரம். நகர்ந்து முடிந்ததும் வலப்பக்கம் நீட்டி 140 ஜிபி வரை கொண்டுவரலாம்.

டி-யின் அளவை 60-க்குக் கீழே, 55 ஜிபி-க்கே குறைக்க முடிந்தால் இன்னும் நல்லது. 60 ஜிபி தூரம் நகரும் 55 ஜிபி பார்ட்டிஷன் தன் பழைய இடத்தின் மேல் எழுதாது. நடுவில் ஏதாவது நடந்தாலும் பழைய இடத்தில் முழு டேட்டா அழியாமல் இருக்கும். 80 ஜிபி-யாக நகர்ந்தால் பழைய இடமும் புதிய இடமும் 20 ஜிபி அளவுக்கு ஒன்றின் மேல் ஒன்று விழும். பாதியில் நின்றால் அந்த 20-தான் சிக்கல்.

மூன்று வேலைகளையும் வரிசையில் போட்டு ஒரே அப்ளை கொடுக்க ஜிபார்ட்டட் அனுமதிக்கும். பழைய டிஸ்க்கில் அப்படிச் செய்ய வேண்டாம். டி-யை நகர்த்தி, விண்டோஸில் போய் டி திறக்கிறதா, கோப்புகள் சரியா என்று பார்த்துவிட்டு அடுத்ததற்கு வாருங்கள்.

பட்டை ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரிந்தாலும் கேன்சல் அடிக்காதீர்கள். டிஸ்க் விளக்கு மினுமினுத்துக்கொண்டிருக்கும் வரை வேலை நடக்கிறது. விளக்கு தொடர்ந்து எரிந்தபடி 'டக், டக்' என்று சத்தம் வந்தால் அது வேறு கதை, 10-வது படிக்குப் போங்கள்.

8. ஜிபார்ட்டட் மறுக்கும் இடங்கள்

பார்ட்டிஷன் பக்கத்தில் சாவி அல்லது பூட்டுப் படம்: அது பயன்பாட்டில் இருக்கிறது. லினக்ஸும் இருக்கும் டிஸ்க்கில் எக்ஸ்டெண்டட்டுக்குள் உள்ள ஸ்வாப் (பேஜ் ஃபைல் போல லினக்ஸ் பயன்படுத்தும் பார்ட்டிஷன்) தானாக ஆன் ஆகியிருக்கும். ஸ்வாப் வரியில் ரைட் கிளிக், 'ஸ்வாப்ஆஃப்'. எக்ஸ்டெண்டட் விடுபடும்.

மஞ்சள் முக்கோணம்: ரைட் கிளிக் செய்து இன்ஃபர்மேஷன் படியுங்கள். விண்டோஸ் ஹைபர்னேட் ஆகியிருக்கிறது என்றோ, செக் டிஸ்க் தேவை என்றோ இருக்கும். விண்டோஸுக்குள் போய் முழுமையாக ஷட் டவுன் செய்து வாருங்கள். அதே கணினியில் பின்னால் விண்டோஸ் 8 அல்லது 10 ஏற்றியிருந்தால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் அணைக்க வேண்டும். ஷட் டவுன் கொடுத்தாலும் அது பாதி ஹைபர்னேட்டாகத்தான் மூடுகிறது.

டிஸ்க் முழுவதும் 'அன்அலோகேட்டட்' என்று காட்டுவது: பார்த்தவுடன் வயிறு கலங்கும். விண்டோஸ் நன்றாக பூட் ஆகிறது என்றால் டேட்டா பத்திரம். அட்டவணையில் ஒரு பார்ட்டிஷன் இன்னொன்றின் மேல் சில செக்டார் ஏறி நிற்கிறது, அல்லது கடைசிப் பார்ட்டிஷன் டிஸ்க்கின் எல்லையைத் தாண்டி எழுதப்பட்டிருக்கிறது. விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது. ஜிபார்ட்டட் கண்டிப்பாக நிறுத்தும். 'நியூ பார்ட்டிஷன் டேபிள்' என்ற மெனுவை மட்டும் தொடாதீர்கள், அது இருக்கும் அட்டவணையையே அழித்துவிடும். இந்த நிலையில் முதல் வழிதான் உங்களுக்கு: டி, இ இரண்டையும் காலி செய்து, விண்டோஸில் அழித்து மறுபடி உருவாக்குங்கள். தப்பான எல்லை பெரும்பாலும் எக்ஸ்டெண்டட்டில்தான் இருக்கும், அதோடு போய்விடும்.

எக்ஸ்பி கணினிகளுக்கு மட்டும் ஒரு குறிப்பு. அதில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் ஷ்ரிங்க், எக்ஸ்டெண்ட் இரண்டும் கிடையாது, விஸ்டாவில்தான் வந்தன. ஆகவே சி-யையும் ஜிபார்ட்டட்டில்தான் நீட்ட வேண்டும். எக்ஸ்பி தன் முதல் பார்ட்டிஷனை 63-வது செக்டாரில் தொடங்கும். விஸ்டா முதல் 2048-இல். சி-யின் தொடக்கம் அசையாமல் இருக்க 'அலைன் டு' பெட்டியில் 'நன்' தேர்வு செய்து, வலது ஓரத்தை மட்டும் இழுங்கள். சர்வீஸ் பேக் 1 போடாத எக்ஸ்பி 137 ஜிபி-க்கு மேல் டிஸ்க்கைச் சரியாகக் கையாளாது. அந்த எல்லையைத் தாண்டும் பார்ட்டிஷனை உருவாக்கும் முன் சர்வீஸ் பேக்கைப் போடுங்கள்.

9. முடிந்தபின் பூட் ஆகவில்லை என்றால்

சி-யை ஜிபார்ட்டட்டில் நீட்டியிருந்தால் முதல் பூட்டில் செக் டிஸ்க் தானாக ஓடும். இது கோளாறு இல்லை, ஜிபார்ட்டட்தான் அப்படிக் குறித்து வைக்கிறது. எந்த விசையையும் தட்டாமல் ஓடவிடுங்கள்.

0எக்ஸ்0000007பி என்ற நீலத்திரை வந்தால் உடனே பார்ட்டிஷனைச் சந்தேகப்படாதீர்கள். பழைய போர்டில் சிமோஸ் பேட்டரி தீர்ந்திருக்கும். வேலைக்காக மின் ஒயரைக் கழற்றியபோது பயாஸ் அமைப்புகள் ஆரம்ப நிலைக்குப் போயிருக்கும். தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. சாட்டா மோட் மாறிவிட்டதால் விண்டோஸுக்கு டிஸ்க் தெரியவில்லை. முதலில் எடுத்த படத்தைப் பார்த்து பழையபடி மாற்றுங்கள். சிஆர்2032 பேட்டரி ஒன்று வாங்கிப் போட்டால் இது திரும்ப வராது.

0எக்ஸ்சி000000இ அல்லது 0எக்ஸ்சி0000225 என்று வந்தால் சி-யின் தொடக்க இடம் மாறிவிட்டது. எம்பிஆர் டிஸ்க்கில் விண்டோஸ் தன் இருப்பிடத்தை டிஸ்க்கின் அடையாள எண், பார்ட்டிஷன் தொடங்கும் இடம் என்ற இரண்டையும் வைத்து எழுதி வைத்திருக்கிறது. இடப்பக்கம் இருந்த ரெக்கவரியை அழித்து சி-யை அந்தப் பக்கம் இழுத்தவர்களுக்கு இது வரும். டிவிடியில் பூட் செய்து 'ரிப்பேர் யுவர் கம்ப்யூட்டர்', 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்'. ஒருமுறையில் சரியாகாவிட்டால் ரீஸ்டார்ட் செய்து மறுபடி ஓட்டுங்கள். அது ஒரு சுற்றுக்கு ஒரு கோளாறைத்தான் சரிசெய்யும், இரண்டு மூன்று சுற்று தேவைப்படுவது இயல்பு.

லினக்ஸும் இருந்த டிஸ்க்கில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று நின்றால், டி-யை அழித்ததில் லாஜிக்கல் பார்ட்டிஷன்களின் எண் ஒன்று குறைந்து, லினக்ஸைத் தொடங்கிவைக்கும் கிரப் தன் கோப்புகளைத் தொலைத்திருக்கிறது. லினக்ஸ் லைவ் சிடியில் போய் கிரப்பை மறுபடி நிறுவினால் போதும், டேட்டாவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

10. பாதியில் நின்றுவிட்டால்

மின்சாரம் போயிற்று, அல்லது டிஸ்க் திணறி எரர் காட்டிற்று. முதலில் அந்த டிஸ்க்கில் எதையும் எழுதாமல் இருங்கள். விண்டோஸில் பூட் செய்யாதீர்கள்; விண்டோஸ் தானாகவே செக் டிஸ்க்கைக் கிளப்பி, பாதி நகர்ந்த பார்ட்டிஷனைத் 'திருத்த' ஆரம்பித்துவிடும். 'ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்கும் பெட்டிக்கும் கேன்சல்தான்.

எல்லைக்கோடு மாற்றும்போதோ, தன் மேல் தான் விழாத நகர்விலோ நின்றிருந்தால், தொலைந்த பார்ட்டிஷனைத் தேடித்தரும் டெஸ்ட்டிஸ்க் என்ற கருவி பெரும்பாலும் மீட்டுவிடும். ஜிபார்ட்டட் லைவிலேயே அது இருக்கிறது. டிஸ்க்கைத் தேர்வு செய்து, 'இன்டெல்', 'அனலைஸ்', 'குயிக் சர்ச்' என்று வரிசையாகப் போங்கள். அது கண்டுபிடித்துக் காட்டும் ஒவ்வொரு பார்ட்டிஷனிலும் நின்று கீபோர்டில் 'பி' எழுத்தைத் தட்டினால் உள்ளே உள்ள ஃபோல்டர்களின் பெயர் தெரியும். உங்களுக்குப் பழக்கமான பெயர்கள் தெரிந்தால் அதுதான் உண்மையான எல்லை. ஒரே பார்ட்டிஷன் இரண்டு அளவுகளில் தென்பட்டால் இரண்டையும் திறந்து பாருங்கள். கோப்புகள் தெரிவதை மட்டும் வைத்துக்கொண்டு 'ரைட்' கொடுங்கள். முதலில் எடுத்த டிஸ்க் மேனேஜ்மென்ட் படம் இங்கே பெரிய உதவி. சி எவ்வளவு, டி எவ்வளவு என்று எண் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஒன்றின் மேல் ஒன்று விழும் நகர்வு நடுவில் நின்றிருந்தால் அட்டவணையைச் சரிசெய்து பயனில்லை. டேட்டாவில் ஒரு பங்கு பழைய இடத்திலும் ஒரு பங்கு புதிய இடத்திலும் கிடக்கிறது. பேக்கப் இருந்தால் அந்தப் பார்ட்டிஷனை அழித்து, உருவாக்கி, திரும்பக் கொட்டுவதே குறுக்குவழி. பேக்கப்பில் விடுபட்ட கோப்பு ஏதாவது தேவைப்பட்டால், அழிப்பதற்கு முன் டெஸ்ட்டிஸ்க்கோடு வரும் ஃபோட்டோரெக்கை ஓட்டுங்கள். கோப்புப் பெயர்கள் போய்விடும், படங்களும் ஆவணங்களும் வரும். மீட்கும் கோப்புகளை வெளி டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும். அதே டிஸ்க்கில் சேமித்தால் இன்னும் மீட்காதவற்றின் மேலேயே எழுதிவிடும்.

டிஸ்க்கிலிருந்து சத்தம் வந்தால் இவை எதையும் ஓட்ட வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, உள்ளே இருப்பது பணம் கொடுத்து மீட்கும் அளவுக்கு முக்கியமா என்று முடிவு செய்யுங்கள். முக்கியம் என்றால் அப்படியே டேட்டா ரெக்கவரி செய்பவர்களிடம் கொடுங்கள். ஓடும் ஒவ்வொரு நிமிடமும் ஹெட் தட்டில் உரசி, மீட்கக்கூடியதைக் குறைத்துக்கொண்டே போகும்.